தகுதி என்று பெயர். தராசில் வைப்பதோ பணம்!

2025 ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் காலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் தோழர், இரவு ஷிப்டு முடிந்த கையோடு நேரே கட்சி ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். கூடவே அவருடைய மகள். பெண்ணின் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பிளஸ் டூ மார்க் லிஸ்ட், ஜாதி சர்டிபிகேட், நீட் பரீட்சையின் மார்க் தாள்.

"தோழர், இந்தப் பிள்ளைக்கு டாக்டர் படிப்பு உண்டா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ராத்திரியெல்லாம் மெஷின்ல நிக்கிறேன், நெஞ்சுல இது ஒண்ணுதான் ஓடுது" என்றார்.

பிரஸ் மெஷினில் நிற்பவன் நெஞ்சில் வேறு நினைப்பு ஓடினால் என்ன ஆகும் என்பது எஸ்டேட்டில் உள்ள அனைவருக்கும் தெரியும். விரல் போய்விடும்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் சில வருஷங்களாக மே, ஜூன் வந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத் தோழர்களின் பிள்ளைகளுக்கு மனுப் போடுவதும், சர்டிபிகேட்டுக்கு அலைவதும் என் வேலையில் பாதியாகிவிட்டது. அப்படிப் பழகிய கண்ணால் அந்தக் காகிதங்களைப் பார்த்தேன்.

பிளஸ் டூவில் 600க்கு 548. நீட்டில் 720க்கு 214. கோச்சிங் போகவில்லை, போக வழியும் இல்லை.

சர்க்கார் கல்லூரியில் 214க்கு இடம் வராது. சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவிகிதம் தனி ஒதுக்கீடு உண்டே என்று பார்த்தால், பெண் படித்தது சர்க்கார் உதவி பெறும் பள்ளி. அந்தக் கணக்கில் அது சேராது. ஈ.எஸ்.ஐ. தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் தனி இடம் உண்டே என்று பார்த்தால், காண்டிராக்டர் இரண்டு வருஷமாகச் சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டவே இல்லை. ஆக, மூன்று கதவும் சாத்தியாகிவிட்டது.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் தோழரின் போன் அடித்தது. ஒரு புரோக்கர்! "உங்க பொண்ணு நீட்ல தகுதி வாங்கிடுச்சு சார், வாழ்த்துகள். தனியார் காலேஜ்ல மேனேஜ்மெண்ட் சீட் இருக்கு. எவ்வளவு வரைக்கும் முடியும்னு சொல்லுங்க" என்றான்.

தோழர் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ என் பொண்ணுக்குத் தகுதி இருக்கா, இல்லையா?"

தோழர்களே! இந்த ஒரு கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை பதில் சொல்கிறது.

தகுதியின் விலை என்ன?

நீட் பரீட்சையில் 180 கேள்விகள், 720 மார்க். சரியான பதிலுக்கு 4 மார்க். தவறான பதிலுக்கு 1 மார்க் பிடித்துக்கொள்வார்கள். இதில் 'தகுதி' என்று எதைச் சொல்கிறார்கள்? எழுதியவர்கள் அத்தனை பேரையும் மார்க் வரிசைப்படி நிறுத்தி, பொதுப்பிரிவில் மேல் பாதியில் நிற்பவர்களெல்லாம் தகுதி பெற்றவர்கள் என்கிறார்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் கீழே. 2025ல் பொதுப்பிரிவுக்கு அந்தக் கோடு 144 மார்க்கில் விழுந்தது; மற்றவர்களுக்கு 113ல்.

720க்கு 144 என்றால் நூற்றுக்கு 20. நமது பிள்ளைகள் பிளஸ் டூவில் நூற்றுக்கு 35 வாங்கினால்தான் பாஸ். இவர்களுடைய மகத்தான தகுதிப் பரீட்சையிலோ நூற்றுக்கு 20 வாங்கியவர் 'தகுதி' உடையவர்!

அந்த 20ஐ வைத்துக்கொண்டு சர்க்கார் கல்லூரிக்குப் போக முடியாது. சரி. ஆனால் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். அங்கே டாக்டர் படிப்புக்கு வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். சர்க்கார் கல்லூரியில் வருஷக் கட்டணம் சில ஆயிரம். சுயநிதிக் கல்லூரியில் சர்க்கார் ஒதுக்கீட்டு இடத்துக்கே நாலு லட்சத்துக்கு மேல். அதே கல்லூரியில் மேனேஜ்மெண்ட் இடத்துக்கு 13 லட்சத்துக்கு மேல். மார்க் குறையக் குறைய விலை ஏறுகிறது, பார்த்தீர்களா? வேறெந்தச் சந்தையில் இப்படி நடக்கும்? சொத்தைக் கத்தரிக்காய்க்கு நல்ல கத்தரிக்காயைவிட அதிக விலை சொன்னால் பூந்தமல்லிச் சந்தையில் கூடையைத் திருப்பிக் கொட்டிவிடுவார்கள்!

இப்போது கணக்கைப் பாருங்கள். பிரஸ் ஷாப் தொழிலாளியின் மகள் 214 வாங்கினாள், அவளுக்கு இடமில்லை. அவளைவிட 60 மார்க்குக்கும் மேல் குறைத்து 150 வாங்கிய பணக்கார வீட்டுப் பையன், கேட்ட பணத்தைக் கட்டினால் டாக்டர். ஒரே பரீட்சை, ஒரே வினாத்தாள், அதிக மார்க் வாங்கியவள் வெளியே, குறைந்த மார்க் வாங்கியவன் உள்ளே. இதற்குப் பெயர்தான் தகுதியாம்!

இன்னும் கேளுங்கள். டாக்டர்களின் மேற்படிப்புக்கும் ஒரு நீட் உண்டு. 2023 செப்டம்பரில் அந்த இடங்கள் காலியாகக் கிடந்தபோது மத்திய சர்க்கார் என்ன செய்தது? தகுதிக் கோட்டை சைபருக்கு இறக்கியது. பரீட்சை எழுதினால் போதும், மைனஸ் மார்க் வாங்கியவரும் தகுதியுடையவர் என்றது. தனியார் கல்லூரி முதலாளியின் சீட் விற்காமல் கிடந்தால் தகுதி சைபராகும். கூலிக்காரன் பிள்ளை வந்து நின்றால் தகுதி இமயமலையாகும். இதுதான் இவர்களுடைய நீதி.

கோச்சிங் கம்பெனிகளின் அறுவடை

சி.டி.எச். ரோட்டில் பாடியிலிருந்து ஆவடி வரை ஒரு முறை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். கோச்சிங் கம்பெனிகளின் விளம்பரப் பலகைகளில் பிள்ளைகளின் முகங்கள் வரிசையாகச் சிரிக்கின்றன. அந்தச் சிரிப்புக்கு வருஷம் ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று கட்டணம். அதன் மேல் மத்திய சர்க்கார் போடும் 18 சதவிகித ஜி.எஸ்.டி. வரி வேறு. பிள்ளை தோற்றாலும் ஜெயித்தாலும் கம்பெனிக்கும் லாபம், சர்க்காருக்கும் வரும்படி.

2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் தவறாமல் வேலை கிடைத்தாலும் வருஷத்துக்கு 33,600. எஸ்டேட்டில் மாதம் 15,000 வாங்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்கு வருஷம் முழுவதும் 1,80,000. திருமழிசைப் பக்கம் களை பறிக்கும் தாய் மூன்று வருஷக் கூலியைச் சேர்த்து வைத்தாலும் ஒரு வருஷ கோச்சிங்குக்குத் தட்டுத் தடுமாறித்தான் எட்டும். அந்த மூன்று வருஷம் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது!

ஒரு வருஷத்தோடு முடிகிறதா? 2021ல் மாநில சர்க்கார் அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கை சொல்வதைக் கேளுங்கள். நீட் வருவதற்கு முந்தைய 2016-17ல் தமிழ்நாட்டில் டாக்டர் படிப்பில் சேர்ந்தவர்களில், முந்தைய வருஷங்களில் பிளஸ் டூ முடித்து மறுபடியும் முயன்று வந்தவர்கள் நூற்றுக்கு 12.47 பேர். 2020-21ல் அது நூற்றுக்கு 71.42 ஆகிவிட்டது! பள்ளி முடித்த பிறகு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பிள்ளையை வீட்டில் வைத்துச் சோறு போட்டு, கோச்சிங்குக்கும் கட்டக்கூடிய குடும்பம் எது? நமது குடும்பமா? நமது வீட்டில் பதினெட்டு வயதுப் பையன் ஒரு வருஷம் வேலைக்குப் போகாமல் இருந்தால் ரேஷன் அரிசியோடு குழம்புக்குக் காசு இருக்காது.

தமிழில் படித்த பிள்ளைகள் கதி என்ன? நீட்டுக்கு முன்பு டாக்டர் படிப்பில் சேர்ந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் தமிழ் வழியில் படித்தவர்கள். நீட் வந்த 2017-18ல் அது நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே போயிற்று. தனி ஒதுக்கீடு வருவதற்கு முன், சர்க்கார் பள்ளிகளிலிருந்து சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போனவர்களை ஒரு கை விரல்களிலும் அடுத்த கையின் இரண்டொரு விரல்களிலும் எண்ணிவிடலாம்.

மூக்குத்தியைக் கழற்றினார்கள், வினாத்தாளைக் காக்கவில்லை!

தமிழ்ப் பிள்ளைகளை இவர்கள் நடத்திய விதம் மறக்கக் கூடியதல்ல. 2018ல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிலருக்குக் கேரளத்திலும் ராஜஸ்தானிலும் பரீட்சை மையம் போட்டார்கள். தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளை மொழிபெயர்ப்பில் கொலை செய்தார்கள். மார்க்சிஸ்ட் எம்.பி. தோழர் டி.கே. ரங்கராஜன் மதுரை ஐகோர்ட் கிளையில் வழக்குத் தொடுத்தார். 49 கேள்விக்கும் சேர்த்து 196 மார்க் கொடு என்று கோர்ட் உத்தரவிட்டது. சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. தப்பு செய்தவன் மார்க் இழக்கவில்லை; தமிழில் படித்தவன் இழந்தான்.

பரீட்சை வாசலில் நமது பெண்களின் மூக்குத்தியையும் தோட்டையும் கழற்றச் சொன்னார்கள். முழுக்கைச் சட்டையைக் கத்தரித்தார்கள். அவ்வளவு கட்டுக்காவல்! ஆனால் 2019ல் தேனி சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவனுக்கு வேறு ஆள் பரீட்சை எழுதியது அம்பலமாயிற்று. 2024 மே 5 அன்று நடந்த பரீட்சையில் வினாத்தாளே முன்கூட்டி வெளியே போயிற்று. ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் அது கசிந்தது உண்மைதான் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியது. ஆனாலும் பரீட்சையை ரத்து செய்ய மறுத்துவிட்டது. 67 பேருக்கு 720க்கு 720 என்று முதலில் அறிவித்தார்கள். 1,563 பேருக்குக் கருணை மார்க் போட்டு, நாடே கூச்சலிட்ட பிறகு அதை வாபஸ் வாங்கினார்கள். ஏழைப் பெண்ணின் மூக்கில் குண்டுமணி அளவு பொன்னைக் கண்டுபிடித்த கண்களுக்கு, கத்தை கத்தையாகப் போன வினாத்தாள் தெரியவில்லையா?

பழைய கள்ளு, புதிய மொந்தை

இது இன்று நேற்று ஆரம்பித்த கதையல்ல. 1953ல் ராஜாஜி சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாதி நேரம் பள்ளி. பாதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று அதற்கு மக்கள் பெயர் வைத்தார்கள். தமிழ்நாடே கொதித்தெழுந்தது. 1954ல் காமராஜர் சர்க்கார் அதைக் கைவிட்டது. அன்று 'அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்' என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். இன்று சொல்வதில்லை, பரீட்சை வைக்கிறார்கள். முடிவு ஒன்றே. டாக்டர் மகன் டாக்டர், கூலிக்காரன் மகன் கூலிக்காரன்.

1955 ஜனவரியில் நமது ஆவடியில்தான் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. எழுபது வருஷம் போயிற்று. டாங்கித் தொழிற்சாலையைக் கட்டிய தொழிலாளியின் பேரன் பேத்திக்கு, அந்த ஆவடியிலேயே, படிப்பு ஏலம் போகிறது.

டாக்டர், என்ஜினீயர் படிப்புக்கு 1984ல் தமிழ்நாட்டில் நுழைவுப் பரீட்சை வந்தது. நகரத்துப் பிள்ளைக்கும் பணக்காரப் பிள்ளைக்கும் அது ஏணி. கிராமத்துப் பிள்ளைக்கு அது சுவர். இருபது வருஷத்துக்கு மேல் மக்கள் கொடுத்த நெருக்குதலாலும், பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் குழுவின் சிபார்சாலும், 2006ல் மசோதா நிறைவேறி 2007ல் ஜனாதிபதியின் சம்மதமும் பெற்று நுழைவுப் பரீட்சை ஒழிந்தது.

ஒழித்த பேயை டில்லி மறுபடி அழைத்து வந்தது. 2010ல் நீட்டுக்கு உத்தரவு போட்டது காங்கிரஸ் கூட்டணி சர்க்கார். 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. 2016 ஏப்ரலில் அதே சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது, பா.ஜ.க. சர்க்கார் சட்டம் போட்டு நீட்டை நிலைநாட்டியது. 2017ல் தமிழ்நாடு சட்டசபை ஒருமுகமாக விலக்கு மசோதாக்கள் நிறைவேற்றியது. ஜனாதிபதியின் சம்மதம் வரவில்லை. 2021 செப்டம்பரில் மறுபடி மசோதா. கவர்னர் மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் சட்டசபை மீண்டும் நிறைவேற்றியது. மூன்று வருஷம் கழித்து, ஜனாதிபதி அதை நிராகரித்துவிட்டார் என்று 2025 ஏப்ரல் 4 அன்று சட்டசபையில் அறிவித்தார்கள்.

ஏன் இப்படி? 1976ல், அவசரநிலைக் காலத்தில், நாட்டின் வாயைக் கட்டிவைத்துவிட்டுக் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று போன சாவி இன்னும் டில்லியில்தான் இருக்கிறது. 36 சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளைக் கட்டி நடத்தும் வரிப்பணம் நம்முடையது. வாசலில் யாரை விடுவது என்று சொல்கிறவன் மட்டும் டில்லிக்காரன்!

இதற்கு நடுவில்தான் 2017 செப்டம்பர் 1 அன்று அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதாவை இழந்தோம். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176. அவளுடைய படத்தை வைத்து மாலை போட்டவர்கள் ஏராளம். நமது பிள்ளைகள் படத்தில் வேண்டாம். உயிரோடு, வகுப்பில் வேண்டும். பரீட்சையில் தோற்ற பிள்ளை உள்ள வீட்டில் ஒரு கடுஞ்சொல் வரக்கூடாது. தோற்றது பிள்ளையல்ல. அதைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியது அப்பனும் அம்மாவும்தான்.

அவர்கள் வாதமும் நமது பதிலும்

நீட்டை ஆதரிப்பவர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு வாதம் சொல்கிறார்கள். அவற்றையும் பார்த்துவிடுவோம்.

ஒன்று: 'முன்பு தனியார் கல்லூரிகள் ஆளுக்கொரு பரீட்சை வைத்து, இடத்தை ஏலம் போட்டன. நீட் அதை ஒழித்தது' என்கிறார்கள். ஏலம் நடந்தது உண்மை. நாமே அதை எதிர்த்துக் கோஷம் போட்டோம். ஆனால் நீட் ஒழித்தது என்ன? மேஜைக்கு அடியில் வாங்கியதை மேஜைக்கு மேல் ரசீது போட்டு வாங்க வழி செய்தது, அவ்வளவே. கட்டணக் கொள்ளையை அடக்க வேண்டுமென்றால் தனியார் கல்லூரியின் கட்டணத்துக்குக் கடிவாளம் போட வேண்டும். அதை விட்டுச் சர்க்கார் கல்லூரியின் வாசலில் எதற்குச் சுவர்? திருடன் புகுந்தது பக்கத்து மாடி வீட்டில். பூட்டுப் போடுவது நமது குடிசைக்கா?

இரண்டு: 'நீட்டுக்கு முன்னாலும் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் நிறைய டாக்டர் ஆகிவிடவில்லையே' என்கிறார்கள். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதை நாம் மறைக்கத் தேவையில்லை. அந்த நாளில் நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்துப் பெரும்பாலான இடங்களை அள்ளிக்கொண்டன. அங்கேயும் பணம்தான் பேசியது. ஆகவே, 'பழையபடி ஆக்கு' என்பது மட்டும் நமது கோரிக்கையாக இருக்க முடியாது. ஆனால் பழைய ஏற்பாட்டில் ஒரு சந்து இருந்தது. கூலிக்காரன் பிள்ளை தன் பள்ளிப் பாடத்தைத் தானே படித்து மேலே வர முடிந்தது. அந்தச் சந்தையும் அடைத்தது நீட். சந்தைத் திறப்போம், அத்தோடு நிற்காமல் சுவரையே இடிப்போம்.

கிடைத்த பிடியை விடாதீர்!

போராட்டத்தில் கிடைத்தது ஒன்றுமே இல்லையா? உண்டு. நீதிபதி கலையரசன் குழு பத்து சதவிகிதம் சிபார்சு செய்தது. மாநில சர்க்கார் அதை 7.5 ஆகக் குறைத்து 2020 செப்டம்பரில் மசோதா கொண்டுவந்தது. கவர்னர் அதையும் கிடப்பில் போட்டார். மக்கள் வீதிக்கு வந்த பிறகு, அக்டோபர் கடைசியில் அது சட்டமாயிற்று. முதல் வருஷமே சுமார் 400 சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு டாக்டர், பல் டாக்டர் படிப்பில் இடம் கிடைத்தது. முந்தின வருஷம் விரல் விட்டு எண்ணிய இடத்தில் 400! அறிவு இல்லாமலா அவர்கள் அதுவரை வெளியே நின்றார்கள்? 2021ல் என்ஜினீயரிங், விவசாயம், கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் இது விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்குக் கட்டணத்தைச் சர்க்காரே கட்டுகிறது.

ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்திருக்க வேண்டும். சர்க்கார் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு இல்லை. அங்கே படிப்பதும் நமது பிள்ளைகள்தானே? கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்தை, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024 கடைசியில் விரித்தார்கள் அல்லவா? ஆயிரம் ரூபாய்க்கு ஏழை என்று ஒப்புக்கொண்ட பிள்ளை, டாக்டர் சீட்டுக்கு மட்டும் பணக்காரப் பிள்ளை ஆகிவிடுமா?

அடுத்தது ஈ.எஸ்.ஐ. இதை ஆலைத் தோழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சென்னை கே.கே. நகரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயும், மற்ற ஊர்களில் உள்ள ஈ.எஸ்.ஐ. கல்லூரிகளிலும், ஈ.எஸ்.ஐ. தொழிலாளியின் பிள்ளைகளுக்கென்றே இடங்கள் உண்டு. அந்தப் பட்டியலில் போட்டி நமக்குள்தான். மாடி வீட்டுப் பிள்ளை அங்கே வர முடியாது. ஆனால் அதற்கு, 'இவர் ஈ.எஸ்.ஐ. தொழிலாளியின் பிள்ளை' என்ற சர்டிபிகேட் ஈ.எஸ்.ஐ. யிலிருந்து வாங்க வேண்டும். உங்கள் பெயரில் உரிய காலத்துக்குச் சந்தா விழுந்திருக்க வேண்டும்.

இங்கேதான் காண்டிராக்டரின் கை நமது பிள்ளையின் கழுத்துக்கு வருகிறது. நம்மிடம் 0.75 சதவிகிதம் பிடிக்கிறான். தன் பங்கு 3.25 சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டாமல் விழுங்குகிறான், கம்பெனிப் பெயரை மாற்றுகிறான், பத்து வருஷ ஆளை நேற்று வந்த ஆளாகக் காட்டுகிறான். 'மாத்திரைதானே, வெளியே வாங்கிக்கொள்ளலாம்' என்று நாமும் சும்மா இருந்துவிடுகிறோம். தோழர்களே, அவன் விழுங்கியது மாத்திரை மட்டும் அல்ல; உங்கள் மகளின் இடத்தையும் சேர்த்துத்தான்! இதைத் தொழிற்சங்கத்தில் நாம் போதுமான அளவு பேசவில்லை. போனஸ் கோரிக்கையில் காட்டும் வேகத்தை இதில் காட்டவில்லை. இந்தக் குற்றத்தில் என்னைப் போன்ற ஊழியர்களுக்கும் பங்கு உண்டு.

உடனே செய்ய வேண்டியவை

போராட்டம் ஜெயிக்கும் வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஆகவே சில விஷயங்கள்.

பிளஸ் டூ முடிவு வரும்வரை காத்திராமல் ஜனவரியிலேயே ஜாதி, வருமானம், இருப்பிடம், முதல் தலைமுறைப் பட்டதாரி சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பட்டதாரி என்றால் என்ஜினீயரிங் கட்டணத்தில் சலுகை உண்டு. பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும் இப்போதே திருத்துங்கள்.

ஆலைத் தொழிலாளிகள் தங்கள் ஈ.எஸ்.ஐ. சந்தாக் கணக்கை வருஷத்துக்கு இரண்டு முறை பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே சங்கத்துக்கு வாருங்கள்.

என்ஜினீயரிங்குக்கு நமது மாநிலக் கவுன்சலிங்கில் நுழைவுப் பரீட்சை கிடையாது. பிளஸ் டூ கணக்கு 100, பௌதிகம் 50, ரசாயனம் 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாதவர் சர்க்கார் உதவி மையத்துக்குப் போகலாம். கல்லூரி விருப்பப் பட்டியலில் சர்க்கார் கல்லூரிகளை முதலில் போடுங்கள். கவுன்சலிங் ஆரம்பிக்கும் முன்பே 'சீட் போய்விடும், முன்பணம் கட்டு' என்று சொல்பவனைத் தெருக்கோடியோடு திருப்பி அனுப்புங்கள்.

டாக்டர் படிப்பு கிடைக்காத பிள்ளைக்கு உலகம் முடிந்துவிடவில்லை. நர்ஸிங் பட்டப்படிப்புக்கு 2025ல் பிளஸ் டூ மார்க்கைப் பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள். பிரஸ் ஷாப் தோழரின் மகள் அப்படித்தான் நர்ஸிங்கில் சேர்ந்தாள். நல்ல வேலை, கௌரவமான வேலை. ஆனால் நாளைக்கு ஒரு வார்டில், 214 வாங்கிய அவள் ஊசி எடுத்துக் கொடுக்க, 150 வாங்கிய பையன் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அதை நாம் மறந்துவிடக் கூடாது. அவளும் மறக்க மாட்டாள்.

விவசாயத் தொழிலாளிக்கு இதில் என்ன?

'டாக்டர் படிப்பு மாடி வீட்டுக்காரன் சமாசாரம், நமக்கெதற்கு?' என்று நமது தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பதைத்தான் அவன் விரும்புகிறான். ஒரு கோடி ரூபாய் கொட்டி டாக்டர் ஆனவன், வயலில் பாம்பு கடித்தவனைத் தூக்கிக்கொண்டு போகும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வந்து உட்காருவானா? போட்ட முதலை எடுக்க வேண்டாமா? அவன் நகரத்து ஆஸ்பத்திரியில்தான் இருப்பான். நமது நோய் அவனுக்கு வட்டி. சேற்று வாசம் தெரிந்த வீட்டுப் பிள்ளை டாக்டர் ஆனால்தான் சேற்றில் நிற்பவனுக்கு வைத்தியம் வந்து சேரும். இது பிள்ளையின் உத்தியோகப் பிரச்னை மட்டுமல்ல. நமது உயிர்ப் பிரச்னை.

ஆகவே நாம் கேட்கிறோம்:

தமிழ்நாட்டுக்கு நீட்டிலிருந்து நிரந்தர விலக்குக் கொடு!

கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திருப்பிக் கொடு!

7.5 சதவிகிதத்தைப் பத்தாக உயர்த்து. சர்க்கார் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கும் தனி ஒதுக்கீடு கொடு!

தனியார், நிகர்நிலைக் கல்லூரிகளின் கட்டணத்துக்குக் கடிவாளம் போடு!

ஈ.எஸ்.ஐ. சந்தாவை விழுங்கும் காண்டிராக்டர் மீது வழக்குப் போடு. அவன் செய்த தப்புக்காகத் தொழிலாளியின் பிள்ளையைத் தள்ளாதே!

ஒவ்வொரு ஆலை வாசலிலும், ஒவ்வொரு சேரியிலும், ஒவ்வொரு நடவு வயலிலும் இந்தக் கோரிக்கைகளைப் பேசுங்கள். குலக்கல்வியை ஒரே வருஷத்தில் விரட்டிய மக்கள் நாம். நுழைவுப் பரீட்சையை ஒரு முறை ஒழித்தும் காட்டியவர்கள் நாம். இரண்டாம் முறையும் ஒழிப்போம்.

"என் பொண்ணுக்குத் தகுதி இருக்கா, இல்லையா?" என்று கேட்டார் அந்தத் தோழர். இருக்கிறது, தோழரே. உங்கள் மகளை எடைபோட இந்தத் தராசுக்குத்தான் தகுதி இல்லை. அதை உடைக்க அணி திரளுவோம், வாருங்கள்!